கோடைப் பச்சை

பங்குனி வெயிலில், ஒரு பொட்டு ஈரம் படாத வீட்டுக்குள், விதைநெல் மூட்டைகள் முளைத்துவிட்டன என்று அண்ணன் போனில் சொன்னபோது ஜெனோவா அதை நம்பவில்லை.

"கூரை ஒழுகியிருக்கும்ணே. இல்லாட்டி யாராச்சும் தண்ணிக் கொடத்தக் கவுத்திருப்பாங்க."

"ஒழுகுறதுக்கு மழ எங்க ஆத்தா பேஞ்சுச்சு? மூட்ட பலக மேல இருக்கு. சாக்கு மொறுமொறுன்னு காஞ்சு கெடக்கு. உள்ள கைய விட்டா கொதிக்குது, காச்சக்காரன் ஒடம்பு கணக்கா. நீ வந்து பாரு."

சந்தியாகு எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. பெற்ற தாய் இறந்த செய்தியைக்கூட ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனை வைத்தவன். மறுநாள் காலையிலேயே ஜெனோவா மதுரையில் பஸ் ஏறிவிட்டாள்.

நரியனேந்தல் ராமநாதபுரத்துக்குக் கிழக்கே, கடல்காற்று எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆறு கிடையாது, வாய்க்கால் கிடையாது. கண்மாய் ஒன்று உண்டு. அதுவும் வானத்தை நம்பித்தான். ஆவணியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். விதை மண்ணுக்குள் கிடக்கும். புரட்டாசி வெயிலைத் தாங்கும். ஐப்பசியில் மழை இறங்கிய பிறகே முளைக்கும். அதன்பின் ஓட்டமாக ஓட வேண்டும். மார்கழியில் மழை நின்றுவிடும். அதற்குள் கதிர் பால் பிடித்திருந்தால் நெல். இல்லையென்றால் மாட்டுக்கு வைக்கோல். ஜெனோவா சிறுமியாக இருந்தபோது பார்த்த அறுப்புகளில் பாதிக்கு மேல் வைக்கோல்தான்.

அதனால்தான் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிப் படிக்கப் போனாள். மதுரையில் உயிர் உரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தாள். எல்லாப் பயிரும் கருகிப்போன ஒரு வருஷத்தில் ஊர்க் கண்மாய்க் கரையில் பச்சையாக நின்ற ஒரு புல்லின் வேரிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். அது வேரைச் சுற்றிக் கொழகொழப்பான ஓர் உறையைக் கட்டிக்கொண்டு காற்றின் ஈரத்தைக்கூடச் சேர்த்து வைத்தது. கூடவே பயிரை விரட்டி வளர்க்கும் சாறு ஒன்றையும் சுரந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தக் குணங்களை இன்னும் கூராக்கினாள். நிறுவனம் அதற்கு 'முந்தி' என்று பெயர் வைத்துப் பொட்டலம் போட்டது. விதையோடு கலந்து விதைத்தால் போதும்.

முதல் விதைப்பு அண்ணனின் வயலில்தான். அந்த வருஷம் கார்த்திகையிலேயே பயிர் இடுப்புக்கு வந்தது. மார்கழியில் மழை நின்றபோது கதிர் தலை சாய்ந்திருந்தது. அடுத்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் முந்தி வாங்கின. அதற்கடுத்த வருஷம் மாவட்டத்தில் முக்கால்வாசி ஊர்கள். ஜெனோவா பஸ்ஸில் வந்து இறங்கினால், முன்பின் தெரியாத பெண்கள்கூட "முந்தியம்மா வந்துட்டாங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போதும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். அவள் சிரித்து வைத்துவிட்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள்.

வாசலிலேயே வாடை அடித்தது. நாற்றம் என்று சொல்ல முடியாது. ஊறவைத்த தானியத்தின் புளித்த வாடை. உள்ளறையில் மூட்டைகளின் சாக்குக் கண்கள் எல்லாவற்றிலிருந்தும் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்த்தன. சில, தரையைத் தேடிக் கீழே தொங்கின. வெளிச்சம் காணாத முளைகள் மஞ்சள் பூத்து, சுவரில் சாய்ந்து, ஓட்டு இடுக்கு வழியே வந்த வெயிலின் பக்கமாகக் கழுத்தைத் திருப்பியிருந்தன.

சந்தியாகுவின் மனைவி தெரசு அறைக்குள் வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். "எனக்கு உள்ள போகவே கூசுது ஜெனோ. காதக் குடுத்துக் கேட்டா சத்தம் வருது, பாத்துக்க. நறநறன்னு."

"அது நெல்லு வெடிக்கிற சத்தம் மதினி."

"அது ஏன் இப்ப வெடிக்கணும்?"

ஜெனோவா ஒரு பிடி நெல்லை அள்ளினாள். விரல்களில் கொழகொழவென்று ஒட்டியது. அந்தப் பிசுபிசுப்பு அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ கண்ணாடித் தட்டுகளில் பார்த்து மகிழ்ந்தது. ஆனால் அது மண்ணில், வேரில் இருக்க வேண்டியது. நெல்மணிக்குள் அதற்கு வேலை இல்லை.

"வெதைக்குத் தூக்கம்னு ஒண்ணு இருக்குண்ணே," என்றாள் மெதுவாக. "உள்ளுக்குள்ள ஒரு சாறு இருக்கும். அதுதான் அதத் தூங்க வைக்கிறது. 'இப்ப வேணாம், மழ வரட்டும்'னு பிடிச்சு வைக்கிறது. இதுல அந்தச் சாறு இல்லன்னு நெனைக்கிறேன்."

"எங்க போச்சு?"

"ஏதோ அதத் தின்னுருச்சு."

சந்தியாகு அவளுடைய விரல்களைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். "வேற வீட்டுலயும் கேட்டேன்," என்று மட்டும் சொன்னான். "எல்லார் வீட்டுலயும் இப்படித்தான். வெக்கப்பட்டுக்கிட்டு வெளிய சொல்லல. தன் வீட்டுல மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்காக."

மதுரைக்குத் திரும்பி நெல்லை அறுத்துப் பார்த்தாள். சந்தேகப்பட்டது சரியாக இருந்தது. பாக்டீரியா வேரோடு நிற்கவில்லை. தண்டு வழியாக ஏறி, பூ வழியாகக் கதிருக்குள் போய், ஒவ்வொரு மணியின் கருவுக்குள்ளும் குடியேறியிருந்தது. விதையைத் தூங்க வைக்கும் சாறு அதற்குத் தீனியாகிவிட்டது. கடல்காற்றில் வரும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து விதையை எழுப்பியும் விட்டது. பயிரைச் சீக்கிரம் வளர்க்கத்தான் அதைப் பழக்கினாள். அது, வளர்வதற்கு முன்னால் உள்ள காத்திருப்பையும் தாமதம் என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

நெல்லை வெயிலில் காய வைத்துப் பார்த்தாள். சாம்பலில் புரட்டிப் பார்த்தாள். மருந்தில் முக்கிப் பார்த்தாள். பாக்டீரியாவைக் கொல்லும் சூடு விதையையும் கொன்றது.

நிறுவனத்தின் இயக்குநர் கோவர்த்தன், குரலை உயர்த்தாமல் பேசுகிற மனிதர். அவள் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போன வருஷமே இப்படி ரெண்டு மூணு ஊர்ல இருந்து சொன்னாங்க ஜெனோவா."

"எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நிறுத்தச் சொல்லியிருப்பீங்க. எத்தனை வீட்டுல இப்பதான் அடுப்பு எரியுது, யோசிச்சீங்களா? விதையை வீட்டுல வச்சாத்தானே பிரச்சினை? நாம குளிர்கிடங்குல வைப்போம். உறை போட்டு, விதைக்கிற அன்னிக்குப் பிரிச்சுக்கிற மாதிரி குடுப்போம்."

"எங்க ஊர்ல விதைக்கிற அன்னிக்கு மழை இருக்காது சார். புழுதியில போட்டுட்டு மழைக்குக் காத்திருக்கணும். இந்த விதையால காத்திருக்க முடியாது. பனிக்கே முளைச்சுக் கருகிப் போயிரும்."

"தண்ணி இருக்கிற இடத்துல அது பிரச்சினையே இல்லையே."

"எங்க ஊரு மாதிரி ஊருக்குத்தானே சார் இதைக் கண்டுபிடிச்சோம்?"

கோவர்த்தன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவர் கண்ணில் கெடுதல் எதுவும் தெரியவில்லை; உண்மையிலேயே வருத்தப்பட்டார் போலத்தான் இருந்தது. "கண்டுபிடிக்கிறது ஒரு இடத்துக்காக. அது போய்ச் சேர்ற இடம் வேறயா இருக்கலாம். மாற்று வழி தேடுங்க. என்ன வேணுமோ செஞ்சு தர்றேன். ஆனா வெளியில பேசாதீங்க. இந்த வாசலைத் தாண்டிப் போனா மாற்று தேடுறதுக்கு உங்களுக்கு ஆய்வுக்கூடமும் இருக்காது."

ஆய்வுக்கூடம் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக ஜெனோவா வாயை மூடிக்கொண்டாள். மாற்று தேட வேண்டுமென்றால் முதலில் தொற்றாத நெல் வேண்டும். முந்தி வாங்காத ஊர்களை விசாரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினாள். கமுதிப் பக்கம் போனாள். அங்கேயும் மூட்டைகளில் புளித்த வாடை அடித்தது. இன்னும் மேற்கே போனாள். ஒரு வீட்டில் சோளம் முளைத்திருந்தது. இன்னொரு வீட்டில் தாளிதப் பெட்டியில் கடுகு முளைத்திருந்தது என்று அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே காட்டினாள். "எங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குள்ள தோட்டம் போட்டாச்சு!" ஆட்டுக் குளம்பிலும் லாரிச் சக்கரத்திலும் கோடைப் புழுதிக் காற்றிலும் அது போய்க்கொண்டே இருந்தது. நெல் என்றும் சோளம் என்றும் அதற்கு வித்தியாசம் தெரியவில்லை. தூங்குவது எதுவானாலும் எழுப்பியது.

வைகாசித் தொடக்கத்தில் கடலோரத்தில் ஒரு தூறல் விழுந்தது. புழுதியை அடக்கக்கூடக் காணாத தூறல். அதற்குப் பிறகு ஒரு வாரம் காற்று புழுங்கிக்கொண்டே இருந்தது.

அந்த வாரக் கடைசியில் சந்தியாகு போன் செய்தான். அவன் குரலில் அவ்வளவு மகிழ்ச்சியை அவள் கேட்டதே இல்லை.

"ஜெனோ, ஒடனே வா. கண்ணால பாத்தாத்தான் நம்புவ. ஊரே பச்சையா கெடக்கு!"

பஸ் ஜன்னல் வழியாகவே அது தெரிந்தது. கத்திரி வெயிலில் வெடித்துக் கிடக்க வேண்டிய கரிசல் முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தது போல் இருந்தது. வரப்பும் வயலும் கண்மாயின் உள்வாயும் சுடுகாட்டுப் பொட்டலும் ஒரே பச்சை. ரோட்டின் தார் விளிம்பில்கூட முளை கிளம்பியிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். டிரைவர் வண்டியை மெதுவாக ஓட்டினார். ஒரு பெண் தன் கைக்குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, "பாரு சாமி, பாரு" என்றாள்.

ஜெனோவா மட்டும் இருக்கையை விட்டு எழவில்லை.

ஊருக்குள் திருவிழாக் கூட்டம். வெள்ளாடுகள் தின்று தின்று வயிறு உப்பி மரத்தடியில் படுத்திருந்தன. மாடு வைத்திருந்தவர்கள் வேறு வேலையே இல்லாதவர்கள் போலக் கைகட்டி நின்று மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துத்தி, கொழுஞ்சி, நெருஞ்சி, குப்பைமேனி, கீரைகள், பேர் தெரியாத புற்கள். தெரசு மடி நிறையக் கீரை பறித்து வந்திருந்தாள்.

"இந்தா, இது என்ன செடின்னு ஒங்க அண்ணனுக்கே தெரியல. எங்கருந்துதான் வந்துச்சோ!"

"எங்கருந்தும் வரல மதினி. இங்கதான் இருந்துச்சு. மண்ணுக்குள்ள."

பித்தளைத் தாம்பாளம் ஒன்றும் மாவுச் சல்லடையும் வாங்கிக்கொண்டு ஜெனோவா வயலுக்குப் போனாள். தெரசுவும் கூடப் போனாள். ஜெனோவா மண்வெட்டியால் ஒரு முழ ஆழம் வெட்டி, மண்ணை வீட்டுக்கு அள்ளி வந்து, தொட்டித் தண்ணீரில் கரைத்து, சல்லடையில் அலசினாள். சேறு போனதும் சல்லடையில் கொஞ்சம் கசடு தங்கியது. அதைத் தாம்பாளத்தில் பரப்பி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"என்ன தேடுற?"

"வெதை."

"இந்தா கெடக்கே இத்தன."

"நசுக்கிப் பாருங்க."

தெரசு ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினாள். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் தோல். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் தோல்தான். தாம்பாளம் முழுக்கத் தேடியும் உள்ளீடுள்ள விதை ஒன்றுகூட அகப்படவில்லை.

"மண்ணுக்குள்ள எப்பவும் வெதைங்க தூங்கிக்கிட்டு இருக்கும் மதினி," என்றாள் ஜெனோவா. "இந்த வருஷம் விழுந்தது, பத்து வருஷம் முன்னாடி விழுந்தது, எல்லாம். ஒரு மழைக்குக் கொஞ்சம் முளைக்கும். மிச்சம் தூங்கும். அதனாலதான் எவ்வளவு பஞ்சம் வந்தாலும் மழை பேஞ்சா பூமி பச்சையாகுது. இப்ப எல்லாமே ஒண்ணா முழிச்சுக்கிச்சு. ஒண்ணுகூட மிச்சம் வைக்கல. இன்னும் ரெண்டு வாரத்துல இந்த வெயில்ல இது அத்தனையும் கருகிப் போயிரும். அப்புறம் மழை பேஞ்சாலும்..."

தெரசு தாம்பாளத்தை விட்டுக் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றிப் பூசை. பூசை முடிந்ததும் வளாகத்திலேயே ஜெனோவாவுக்குப் பொன்னாடை போர்த்துவதாக ஊர்த்தலைவர் இருதயராஜ் ஏற்பாடு செய்திருந்தார். "கோடையிலயே பூமியைக் கண் முழிக்க வச்ச நம்ம ஊர்ப் பொண்ணு" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஒலிபெருக்கியை அவள் கையில் கொடுத்தார்கள். கோவர்த்தனின் முகம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஆய்வுக்கூடமும் நினைவுக்கு வந்தது. எதிரே, வேப்பமரத்தடியில், அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

"எனக்குத் துண்டு போர்த்தாதீங்க," என்றாள். "இது விளைச்சல் இல்ல. மண்ணு தன் கையில இருந்த கடைசிக் காசையும் செலவழிச்சிருச்சு. எங்க மருந்துதான் இதுக்குக் காரணம். இப்ப நீங்க செய்யக் கூடியது ஒண்ணே ஒண்ணுதான். இந்தப் பச்சை நிக்கிறப்பவே அறுத்துக் காயவச்சுப் போர் போட்டுக்கங்க. ஆடு மாட்டை அவுத்து விட்டு மிதிக்க விடாதீங்க. வர்ற மழைக்குப் புல்லு முளைக்காது. அதுக்கடுத்த மழைக்கும் முளைக்காது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது.

"நல்லது நடக்குறப்ப எதுக்குத் தாயி அபசகுனமாப் பேசுற?" என்றார் இருதயராஜ். ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "புள்ளை படிச்சுப் படிச்சுக் களைச்சிருக்கு. வெயில் வேற." பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

ஊரில் அரிவாள் எடுத்தவர்கள் இரண்டே பேர். தெரசுவும் சந்தியாகுவும். சந்தியாகு திங்கள்கிழமை விடிந்ததும் இறங்கி, கை ஓயும்வரை அறுத்தான். அடுத்த வயல்காரர்கள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அவள் பேசியதை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். மதுரையில் நிறுவனத்து வாசலில் காவலாளி மிகவும் சங்கடப்பட்டு, "மேடம், உங்க கார்டை வாங்கி வைக்கச் சொல்லியிருக்காங்க" என்றார். அவளுடைய மேஜைச் சாமான்கள் ஒரு அட்டைப் பெட்டியில் வாசலிலேயே இருந்தன.

பச்சை அவள் சொன்ன கெடுவைக்கூடத் தாங்கவில்லை. பத்தே நாளில் முதலில் நுனி பழுத்தது; பிறகு ஒரே வெயிலில் கருகியது. காற்று அதை உதிர்த்து ரோட்டோரங்களில் சேர்த்தது. ஊர்க்காரர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடையில் வந்தது கோடையில் போகும்தானே.

ஜெனோவா ஒரு கல்லூரியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தாள். அங்கிருந்த பழைய நுண்ணோக்கியில் முடிந்ததைச் செய்தாள். விவசாயத் துறைக்காரர்களைப் பார்க்கப் போனாள். மரியாதையாக உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பரிசீலிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ஆவணியில் நிறுவனத்தின் வண்டிகள் உறைபோட்ட விதைநெல்லை இலவசமாகக் கொண்டுவந்து கொடுத்தன. வீட்டில் இருந்த விதை எல்லாம் போய்விட்டதால் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கினார்கள். வாங்கியதை எப்போதும் போலப் புழுதியில் விதைத்தார்கள். வேறு எப்படி விதைப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கரிசலில் மழை பெய்துவிட்டால் ஏர் இறங்காது. சந்தியாகு மட்டும் விதைக்கவில்லை. உறையைப் பிரிக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தான். நாலாம் நாள் உறைக்குள்ளேயே அது முளைத்தது.

வயல்களில் விழுந்த நெல் புரட்டாசிப் பனியிலேயே எழுந்தது. வெயில் ஏறியதும் சுருண்டது. ஐப்பசிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஐப்பசியில் நல்ல மழை. பல வருஷங்களாகக் காணாத மழை. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தது. ஜனங்கள் குடை இல்லாமல் வயலுக்குப் போய்ப் பார்த்தார்கள். மண் ஊறி, கறுத்து, மினுமினுவென்று கிடந்தது. ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. ஒரு புல் நுனிகூடத் தலைகாட்டவில்லை. வரப்புகள் பிடித்துக்கொள்ள வேர் இல்லாமல் கரைந்து வயலோடு வயலாகின. கண்மாய்த் தண்ணீர் சேற்று நிறத்திலிருந்து தெளியவே இல்லை. பெரிய மரங்கள் மட்டும் அங்கங்கே நின்றன. அவற்றுக்குக் கீழே, மரம் உதிர்த்ததெல்லாம் முளைத்துச் செத்த வெறும் தரை.

இருதயராஜ் ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டே சந்தியாகுவின் வீட்டு வாசலுக்கு வந்தார். "போருல இருந்து ரெண்டு கத்த குடு சந்தியாகு. கன்னுக்குட்டி நிக்க மாட்டேங்குது" என்றார். சந்தியாகு அளக்காமல் அள்ளிக் கொடுத்தான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். போர் மார்கழிக்கு முன்பே தீர்ந்தது. லாரிகள் வந்து ஆடு மாடுகளை ஏற்றிப் போயின. அதே ரோட்டில் இளசுகள் திருப்பூர் பஸ்ஸில் ஏறினார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஜெனோவா ஊருக்கு வந்தாள். கோயிலில் குடில் கட்டியிருந்தார்கள். வழக்கமாகக் கிண்ணங்களில் நெல்லும் கேழ்வரகும் தூவி, பச்சை நாற்றாக வளர்த்துக் குழந்தை இயேசுவைச் சுற்றி வைப்பார்கள். இந்த வருஷம் மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து பரப்பியிருந்தார்கள். பூசை முடிந்ததும் ஜனங்கள் முன்பு போல் அவள் கையைப் பிடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வழி விட்டு ஒதுங்கினார்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெரசு தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய தங்கை அமலி தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சுற்றுப்பட்டு நெல்வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலின் கரையில் அவர்களுக்குத் தென்னந்தோப்பு.

"அமலி ஏதோ படம் அனுப்பியிருக்கா. நம்ம ஊரு மாதிரி தெரியுதுன்னு கேக்குறா. நீ பாரு ஜெனோ, எனக்குக் கண்ணு கலங்கலாத் தெரியுது."

புதிதாக வந்திருந்த ஏதோ ஒரு மருந்துப் பாக்கெட்டின் படம் அது. ஜெனோவா அதைப் பெரிதாக்கினாள். பாக்கெட்டின் முகப்பில் மேலிருந்து எடுத்த ஒரு வயல். மழையில் நனைந்து, கறுத்து, வழுவழுவென்று, கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லாத வயல். நடுவே வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஆள் குனிந்து தரையைப் பார்த்தபடி நின்றான். கீழே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'மழை பெய்தும் ஒரு களை இல்லை!' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில், அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயர்.

தெரசு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இது நம்ம வயல்தானே? நிக்கிறது ஒங்க அண்ணன்தானே? மழைக்கப்பறம் ஒரு நா மேல ஏதோ ரீங்குன்னு பறந்துச்சு. சர்க்காரு நட்டஈட்டுக்குப் படம் எடுக்குதுன்னுல்ல நெனச்சோம்?"

சந்தியாகு போனை வாங்கிப் பார்த்தான். தன் முதுகைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு திருப்பிக் கொடுத்தான்.

ஜெனோவா உடனே அமலியைக் கூப்பிட்டாள்.

"ஜெனோவாவா? நல்லாருக்கியா? கிறிஸ்துமஸ் வாழ்த்து!" அமலி சத்தமாக, சந்தோஷமாகப் பேசினாள். "பாக்கெட்டுல இருக்கிறது ஒங்க ஊருதானே? நான் அப்பவே இவங்ககிட்டச் சொன்னேன், எங்க அத்தான்தான் நிக்கிறாங்கன்னு. இவங்க நம்ப மாட்டேங்கிறாங்க!"

"அமலி, நான் சொல்றதக் கேளு. அதத் தெளிச்சுராதீங்க. பாக்கெட்ட அப்படியே..."

"அதெல்லாம் தெளிச்சாச்சே. போன வாரமே, ஊருல எல்லாருமாச் சேந்துதான் தெளிச்சோம். தோப்புல களை அவ்வளவு தொல்லை. இப்ப மொளச்சு வருது பாரு, அடேயப்பா, ஜமக்காளம் விரிச்ச மாதிரி! மொளச்சு வந்து அதுவா செத்துப்போயிரும்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. தெளிச்ச டேங்கெல்லாம் வாய்க்கால்லதான் அலசுனோம். ஏன், எதும் பண்ணுமா?"

ஜெனோவா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். போனில் அமலியின் குரலுக்குப் பின்னால், நிறைந்து ஓடும் வாய்க்காலின் சத்தம் நன்றாகக் கேட்டது.